உடைஞ்ச சர்ஃப் போர்டுல ஒரு அலை வரையலாம் வாங்க

நடுவுல முறிஞ்சு போன சர்ஃப் போர்டை யாரும் லேசுல தூக்கிப் போட மாட்டாங்க. எத்தனையோ காலையில நம்மள சுமந்துட்டுப் போன போர்டு அது, மூலையில சாத்தி வச்சிருப்போம், தூசி படிஞ்சாலும் மனசு வராது. சர்ஃப் பண்றவங்களும் கடல்னா உசுரா இருக்கறவங்களும் நிறைய பேர் அந்தப் போர்டையே கேன்வாஸா எடுத்து வரைய ஆரம்பிச்சிருக்காங்க. இது புதுசு ஒண்ணும் இல்ல, 1960ல சர்ஃபர் பத்திரிகையை ஆரம்பிச்ச ஜான் செவர்சனே ஒரு ஓவியர்தான், அலையில இறங்குற கையும் பிரஷ் பிடிக்கிற கையும் ரொம்ப நாளா ஒண்ணாத்தான் இருக்கு.

நான் இதை எழுதறது முதல் தடவை வரையப் போறவங்களுக்கு. பிரஷ்ஷே பிடிச்சதில்லைன்னாலும் பரவாயில்ல, அலையை உத்துப் பார்த்திருந்தா போதும், ஏன்னா இந்த வேலையில பாதி பார்க்கறதுதான்.

முதல்ல அலையைப் பாருங்க

பெயின்ட் வாங்கறதுக்கு முன்னாடி ஒரு சின்ன நோட்டும் பென்சிலும் எடுத்துட்டு கரையில ஒரு அரை மணி நேரம் உக்காருங்க. ஒரே அலையை முழுசா வரைய முடியாது, அது ரெண்டு மூணு செகண்ட்ல முடிஞ்சிடும், அதனால ஒரு அலையில அடிப்பக்கத்தை மட்டும் பாருங்க, அடுத்த அலையில மடங்குற நுனியை மட்டும், அதுக்கடுத்ததுல நுரையை மட்டும். இப்படி இருபது அலை பார்த்தா ஒரு அலை உங்களுக்குள்ள முழுசா சேர்ந்துடும்.

முக்கியமா கவனிக்க வேண்டியது ஒண்ணு இருக்கு. புதுசா வரையறவங்க பெரும்பாலும் அலையை மேலேர்ந்து கீழ விழற அருவி மாதிரி கோடு போட்டுடுவாங்க. உண்மையில உடையப் போற அலையோட முகத்துல, அதாவது கரையைப் பார்த்த பக்கத்துல, தண்ணி கீழேர்ந்து மேல ஏறுது. கடல்ல அலை வரும்போது தண்ணி அப்படியே ஓடி வர்றதில்ல, சக்திதான் பயணம் பண்ணுது, தண்ணி வட்டமா சுத்திட்டு கிட்டத்தட்ட பழைய இடத்துக்கே திரும்பிடுது. ஆழம் குறையக் குறைய அலையோட வேகம் குறைஞ்சு உயரம் கூடுது, ஆழம் அலையோட உயரத்தை விட சுமார் 1.3 மடங்குக்கு இறங்கினதும், அதாவது 1 மீட்டர் அலைன்னா ஏறக்குறைய 1.3 மீட்டர் தண்ணியில, மேல் பக்கம் முந்திக்கிட்டு உடையுது. அந்த நேரத்துல முன்னாடி கிடக்கிற தண்ணிய அலை உறிஞ்சி மேல இழுக்கும். போர்டுல படுத்துக்கிட்டு லேட்டா எழுந்தவங்களுக்கு இது உடம்புலயே தெரியும், கீழ போகணும்னு பார்த்தா அலை நம்மள மேல தூக்கும். அந்த இழுப்பு படத்துல வந்துட்டா பார்க்கறவங்களுக்கு அது ஓடுற அலையா தெரியும், வரலைன்னா நீலக் கலர் சுவர்தான்.

முந்தின அலையோட நுரை தண்ணி மேல வலை மாதிரி கிடக்கும் பாருங்க, ஓட்டை ஓட்டையா. கீழ தட்டையான இடத்துல அந்த ஓட்டைகள் அகலமா இருக்கும், முகத்துல ஏற ஏற நீளமா இழுபட்டு, லிப்புக்கு, அதாவது அந்த மடங்குற நுனிக்குக் கிட்ட போகும்போது மெல்லிசான நூல் மாதிரி ஆயிடும். இதை நான் கவனிக்கவே ரொம்ப நாளாச்சு, கவனிச்ச அன்னிக்கு வீட்டுக்கு வந்து பழைய படம் எல்லாத்தையும் திரும்பப் பார்த்தேன், ஒண்ணுலயும் அது இல்ல.

போர்டை சுத்தம் பண்றது

இதை அவசரமா பண்ணாதீங்க. என்னோட முதல் போர்டுல மேலோட்டமா துடைச்சிட்டு பெயின்ட் அடிச்சேன், மூணாவது வாரம் வானத்துப் பக்கம் மொத்தமும் பாலாடை மாதிரி உரிஞ்சு வந்துடுச்சு, அடியில கண்ணுக்குத் தெரியாம வேக்ஸ், அதான் கால் வழுக்காம இருக்க போர்டுல தேய்க்கற மெழுகு, இருந்திருக்கு.

போர்டை வெயில்ல ஒரு பத்து நிமிஷம் வைங்க, வேக்ஸ் இளகிடும். பழைய பிளாஸ்டிக் கார்டு ஒண்ணு எடுத்து சாய்வா வச்சு தள்ளினா மணலும் வேக்ஸும் சேர்ந்து சுருள் சுருளா வரும். அப்புறம் ஐசோப்ரோபைல் ஆல்கஹால் நனைச்ச துணியால துடைங்க, துணி வழுக்காம கிறீச்னு சத்தம் வர்ற வரைக்கும். அதுக்கப்புறம் 220 நம்பர் உப்புத்தாள், பிறகு 400, ரெண்டையும் தண்ணி தொட்டுத் தேய்ங்க. ஃபைபர் கிளாஸ் தூசி நுரையீரலுக்கு ஆகாது, ஈரமா தேய்ச்சா பறக்காது, இருந்தாலும் மாஸ்க் கண்டிப்பா போடுங்க, கையில கிளவுஸும். பளபளப்பு போய் மங்கலா ஆயிட்டா போதும், கிளாஸ் துணி வெளிய தெரியற அளவுக்குத் தேய்க்க வேண்டாம்.

உடைஞ்ச ஓரத்துல உள்ள ஃபோம் தெரியும். அது குட்டிக் குட்டி மணியா தெர்மாகோல் மாதிரி இருந்தா அது இபிஎஸ் ஃபோம், அதுல தின்னரோ அசிட்டோனோ பட்டா கரைஞ்சு குழி விழுந்துடும், ஸ்ப்ரே வார்னிஷ் கூட சிலது அப்படித்தான் செய்யும். மணி மணியா இல்லாம மாவு மாதிரி நைஸா இருந்தா பாலியூரித்தேன், அதுக்கு அந்தப் பயம் கிடையாது. எதுவா இருந்தாலும் அந்த ஓரத்தை முதல்ல தண்ணியில கரையற அக்ரிலிக் ஜெஸ்ஸோ (பெயின்ட்டுக்கு அடியில பூசற வெள்ளைப் பூச்சு) ரெண்டு கோட் அடிச்சு மூடிடுங்க, துருத்திட்டு இருக்கற கிளாஸ் நாரையும் தேய்ச்சு விடுங்க, கையில ஏறினா எடுக்கறது கஷ்டம்.

தேவையான சாமான்

நிறைய வேண்டாம். அக்ரிலிக்ல அல்ட்ராமரைன் ப்ளூ, தாலோ ப்ளூ, தாலோ கிரீன், பர்ன்ட் அம்பர், லெமன் யெல்லோ, டைட்டானியம் வைட், இந்த ஆறு போதும். ஒரு இரண்டு இன்ச் தட்டை பிரஷ், ஒரு அரை இன்ச், ஒரு மெல்லிசான நீள முடி பிரஷ், ஒரு துண்டு ஸ்பாஞ்ச், பழைய டூத் பிரஷ், தண்ணி ஸ்ப்ரே பாட்டில், மாஸ்கிங் டேப். பிரஷ் பயமா இருந்தா அக்ரிலிக் பெயின்ட் பேனா வாங்கிக்கலாம், போஸ்கா மாதிரி, போர்டுல வரையறவங்க நிறைய பேர் அதைத்தான் வச்சிருக்காங்க, ஆனா பெரிய இடத்தை நிரப்ப அது சரிப்படாது, நுரைக்கும் ஓரக் கோட்டுக்கும் வச்சுக்கங்க. ஃப்ளோரசன்ட் கலர் வேண்டாம்னு சொல்வேன், வெளிச்சத்துல சீக்கிரம் வெளுத்துடும்.

கோடு போடறது

முன் பாதி கிடைச்சிருந்தா அது உங்க அதிர்ஷ்டம். படுக்க வச்சுப் பாருங்க, உடைஞ்ச பக்கம் அகலமா இருக்கும், நுனி கூரா முடியும். உடைஞ்ச பக்கத்துல மடங்கி விழற அலை, நுனிப் பக்கம் போகப் போக அலையோட தோள், அதாவது இன்னும் உடையாத ஓரம், தாழ்ந்து மெலிஞ்சு கரையற மாதிரி வச்சா போர்டோட வடிவமே பாதிப் படத்தை வரைஞ்சு கொடுத்துடும்.

அடிவானத்தை ரொம்ப கீழ வைங்க. தண்ணியில போர்டு மேல உக்காந்திருக்கும்போது நம்ம கண்ணு கடல் மட்டத்துக்கு ஒரு மீட்டர் கூட மேல இருக்காது, அதனால வர்ற அலை அடிவானத்தை மறைச்சிட்டு எழும்பும். ஜப்பான்ல ஹொகுசாய் 1831 வாக்குல மர அச்சுல கொண்டு வந்த அந்தப் பெரிய அலைப் படத்தைப் பாருங்க, தாளோட அளவு சுமார் 26க்கு 38 சென்டிமீட்டர்தான், ஆனா ஃபூஜி மலையே அலைக்குக் கீழ குட்டியா தெரியற மாதிரி அவர் பார்வையைத் தாழ்த்தி வச்சிருக்கார், அதனாலதான் அவ்வளவு சின்ன தாள்ல அவ்வளவு பெரிய அலை. நாமளும் அதையே செய்யலாம், பென்சில்ல லேசா ஒரு அடிவானக் கோடு, லிப்போட வளைவு, அடிப்பள்ளம், அவ்வளவுதான்.

கலர்

தண்ணி சிவப்பு வெளிச்சத்தை முதல்ல உறிஞ்சிடும், நீலமும் பச்சையும்தான் தங்கும். தண்ணி கனமா இருக்கற இடம் கருநீலம், மெல்லிசாக ஆக பச்சை. லிப்புக்குக் கீழ அலை மெல்லிசா இருக்கும், பின்னாடியிருந்து சூரியன் அடிச்சா அங்க பச்சைக் கண்ணாடி மாதிரி எரியும். அந்த இடம்தான் படத்தோட உயிர்.

அடிப்பள்ளத்துல அல்ட்ராமரைனோட கொஞ்சம் பர்ன்ட் அம்பர் கலந்து அடிங்க. நடு முகத்துல தாலோ ப்ளூ, மேல தாலோ கிரீனும் வெள்ளையும், லிப்புக்குக் கிட்ட லெமன் யெல்லோ ஒரு தொடு. தாலோ ரெண்டும் கடுகளவு எடுத்தா போதும், கூடிட்டா மத்த கலரை எல்லாம் முழுங்கிடும். அக்ரிலிக் சீக்கிரம் காஞ்சுடும், அதனால ஒரு பகுதியில தண்ணியை ஸ்ப்ரே பண்ணிட்டு ஈரமா இருக்கும்போதே ரெண்டு கலரும் சேர்ற இடத்தை இழுத்து விடுங்க.

பிரஷ்ஷை எப்பவும் பள்ளத்துல வச்சு மேல நோக்கி வளைச்சு லிப் வரைக்கும் ஒரே மூச்சுல கொண்டு போங்க. கையை மணிக்கட்டுலேர்ந்து அசைக்காம தோள்லேர்ந்து அசைச்சா வளைவு தானா வரும். முதல் பத்து கோடு தடுமாறும், பழைய அட்டையில பழகிட்டு வாங்க. ரெண்டு கோட், முடிஞ்சா மூணு, ஒவ்வொண்ணும் காஞ்ச பிறகு.

நுரை

எல்லாரும் அவசரப்படற இடம் இது, நேரா வெள்ளையை அள்ளிப் பூசிடுவாங்க, பஞ்சு ஒட்டின மாதிரி ஆயிடும். நுரை வெள்ளையா தெரியறது அதுல இருக்கற குமிழிங்க எல்லா வெளிச்சத்தையும் சிதறடிக்கறதால, ஆனா வெயில் படாத பக்கம் அதே நுரை சாம்பல் நீலமா இருக்கும். அதனால முதல்ல வெள்ளையில கொஞ்சம் அல்ட்ராமரைனும் துளி அம்பரும் கலந்து ஸ்பாஞ்சால ஒத்தி எடுங்க, நுரை வர்ற இடம் பூரா. அது காஞ்சதும் சுத்த வெள்ளையை வெயில் படற மேல் விளிம்புல மட்டும் ஒத்துங்க. வெள்ளையை சேமிச்சு வச்சாத்தான் கடைசில வெளிச்சம் கிடைக்கும்.

மெல்லிசான பிரஷ்ல அந்த நுரை வலையைப் போடுங்க, கீழ அகலம், மேல போகப் போக நூல். கடைசியா டூத் பிரஷ்ல தண்ணியா கரைச்ச வெள்ளையைத் தொட்டு விரலால தெறிக்க விட்டா சாரல் வரும், மத்த இடத்தை பேப்பரால மூடிக்கங்க. சாரல் எந்தப் பக்கம் போகணும்ங்கறதையும் யோசிங்க, கரையிலேர்ந்து கடலுக்குக் காத்து வீசும்போதுதான் அலை இப்படி சுத்தமா நிமிர்ந்து நிக்கும், அப்போ சாரல் லிப்புக்குப் பின்னாடி கடல் பக்கம் பறக்கும். முன்னாடி பறக்க விட்டா சர்ஃப் பண்றவங்க ஒரே பார்வையில கண்டுபிடிச்சிடுவாங்க.

பிரஷ் கழுவின தண்ணியை அப்படியே வாய்க்கால்ல ஊத்தாதீங்க, அக்ரிலிக்ங்கறது பிளாஸ்டிக்தான், அது போய்ச் சேர்ற இடம் நாம வரையற இதே கடல். பிரஷ்ஷை முதல்ல பேப்பர்ல நல்லா துடைங்க, கழுவின தண்ணியை வாளியில அசையாம விட்டா கலர் அடியில படியும், மேல் தண்ணியை வடிச்சிட்டு அந்தக் கசடைக் காய வச்சுக் குப்பையில போடுங்க.

பூச்சு

ஒரு நாள் முழுக்கக் காய விட்டுட்டு, புற ஊதாக் கதிரைத் தடுக்கற கிளியர் அக்ரிலிக் ஸ்ப்ரே வாங்கி, காத்தோட்டமான இடத்துல, மெல்லிசா மூணு நாலு கோட், இடையில இருபது நிமிஷம். முதல் கோட் பனி மாதிரி லேசா இருக்கட்டும், கனமா அடிச்சா பேனாவுல போட்ட கோடெல்லாம் கசிஞ்சிடும். இது சுவர்ல மாட்டறதுக்கு மட்டும்தான், ஓட்டற போர்டுல வரைஞ்சா மேல ரெசின் பூச்சு வேணும், அது தனி வேலை, தெரிஞ்சவங்க கிட்ட கொடுத்துடுங்க.

மாட்டும்போது நேர் வெயில் படாத சுவரா பாருங்க, வெயில்ல பழைய ரெசின் இன்னும் மஞ்சளாகும். நான் ஒவ்வொரு போர்டுக்கும் பின்னாடி, அதாவது துடுப்பு மாதிரி ஃபின் வைக்கற அடிப்பக்கத்துல, பென்சில்ல அது உடைஞ்ச தேதியும் அன்னிக்குக் காத்து எந்தப் பக்கம் இருந்துச்சுன்னும் எழுதி வைக்கிறேன். சுவர்ல திருப்பி மாட்டிட்டா அது யாருக்கும் தெரியாது, இறக்கித் தூசி துடைக்கும்போது நான் மட்டும் படிச்சுக்குவேன்.