ஸ்டிங்க் பக் தொல்லை: பலரும் செய்யும் தவறுகள்

அமெரிக்காவில் நியூ ஜெர்சி, பென்சில்வேனியா, மேரிலாந்து பக்கம் தனி வீட்டில் இருப்பவர்களுக்கு அக்டோபர் வந்தாலே ஒரு புலம்பல் தொடங்கிவிடும். திரைச்சீலையில், விளக்கு மூடியில், துண்டு மடிப்பில் என எங்கே பார்த்தாலும் பழுப்பு நிறத்தில் கேடய வடிவப் பூச்சி. நசுக்கினால் நாறும் இதுதான் ஸ்டிங்க் பக். சீனா, ஜப்பான், கொரியா பகுதியைச் சேர்ந்தது. 1990களில் பென்சில்வேனியாவின் ஆலன்டவுனில் தலைகாட்டியது. இன்ன பூச்சி என்று உறுதியானது 2001இல்தான். 2010இல் அந்த வட்டார மாநிலங்களின் ஆப்பிள் விவசாயிகளுக்கு மட்டும் சுமார் 3.7 கோடி டாலர் நட்டம் வைத்தது.

ஊரிலிருந்து புதிதாக வந்தவர்கள் முதலில் மூட்டைப்பூச்சி என்று பயந்து மெத்தையைப் புரட்டுவார்கள். நசுக்கினால் வரும் நாற்றம் ஏறக்குறைய ஒன்றுபோல இருப்பதால் வரும் குழப்பம் இது. மூட்டைப்பூச்சி அரை சென்டிமீட்டர்தான் இருக்கும், பறக்காது. இதுவோ ஏறக்குறைய ஒன்றரை சென்டிமீட்டர் இருக்கும், பறக்கும், கடிக்காது. உணர்கொம்பில் வெள்ளைப் பட்டையும் வயிற்றோரத்தில் கறுப்பும் வெளுப்பும் மாறி மாறியும் தெரிந்தால் ஆள் இவர்தான். தோளில் முள் துருத்திக்கொண்டிருந்தால் புழுக்களைத் தின்னும் நல்ல பூச்சியாக இருக்கலாம். தோட்டத்தில் கண்டால் விட்டுவிடுங்கள்.

பெரிய தவறு, பூச்சியைப் பார்த்த பிறகு வேலையைத் தொடங்குவது. ஜனவரியில் நல்ல வெயில் அடித்த நாளில் பத்துப் பதினைந்து தென்பட்டால் வீட்டுக்குள்ளேயே குஞ்சு பொரித்துவிட்டது என்று நினைக்கிறோம். குளிர்காலத்தில் இது வீட்டுக்குள் எதையும் தின்பதில்லை, முட்டையிடுவதும் இல்லை. செப்டம்பர், அக்டோபரில் சுவர் இடுக்கில் ஒடுங்கியவைதான் சூடு பட்டு விழித்து, வழி தவறி அறைக்குள் வருகின்றன. ஆகவே ஆகஸ்டிலேயே வீட்டை வெளியிலிருந்து ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள். ஜன்னல், கதவுச் சட்ட ஓரங்கள், குழாயும் ஒயரும் சுவருக்குள் நுழையும் துளைகள், புகைபோக்கி சுவரைச் சேரும் இடம் ஆகியவற்றை சிலிக்கான் பசையால் அடையுங்கள். கிழிந்த ஜன்னல் வலையை மாற்றுங்கள், பரண் காற்றுத்துளைகளுக்கு வலை போடுங்கள். ஜன்னல் ஏசியை அடுத்த கோடைவரை அப்படியே விட்டுவைப்பது அவற்றுக்கு ராஜபாட்டை, கழற்றி வையுங்கள். குளிர் வந்துவிட்டால் உள்பக்கம் விளக்கு, மின்விசிறி பொருத்திய இடங்களின் இடைவெளிகளை அடைக்கலாம். அவ்வளவுதான்.

மருந்தடிப்பது இதைவிட மோசம். சுவருக்குள் நூற்றுக்கணக்கில் செத்தால், அந்தப் பிணங்களைத் தின்ன கம்பள வண்டுகள் வரும். பிறகு அவை உங்கள் கம்பளித் துணியில், பட்டுப் புடவையில் கைவைக்கும். வெளிச்சுவரில் அடித்த மருந்தும் வெயிலில் சில நாட்களில் வீரியம் இழந்துவிடும்.

ஒன்றை நசுக்கினால் நூறு வரும் என்பது கட்டுக்கதை. தன் இனத்தைக் கூட்டம் கூட்ட இது விடும் வாசனை வேறு, இந்த நாற்றம் வேறு. ஆனாலும் நசுக்காதீர்கள், கறையும் நாற்றமும் எளிதில் போகாது. வேக்குவம் கிளீனரில் உறிஞ்சினால் அந்த நாற்றம் இயந்திரத்திலேயே தங்கிவிடும். வேறு வழியில்லை என்றால் குழாய் முனைக்குள் பழைய காலுறையைச் செருகி ரப்பர் பேண்டு போட்டு, பிடித்ததும் முடிச்சுப் போட்டு எடுத்துவிடுங்கள். ஓரிரண்டுதான் என்றால் பாத்திரம் தேய்க்கும் சோப்பு கலந்த தண்ணீர்க் கோப்பையை அடியில் பிடித்து மெல்லத் தட்டினால் போதும். தொந்தரவு செய்தால் நேர்கீழே விழுவது இதன் குணம்.

கடையில் விற்கும் பொறிகளுக்குக் காசைக் கொட்ட வேண்டாம். இருட்டறையில் அலுமினியத் தட்டு நிறைய சோப்புத் தண்ணீர், மேலே ஒரு விளக்கு. வர்ஜீனியா டெக் ஆய்வாளர்கள் 2014இல் சோதித்தபோது, கடைப் பொறிகளைவிட 14 மடங்கு பூச்சிகள் இதில் விழுந்தன. விளக்கு தண்ணீரில் விழாதபடி வையுங்கள்.

ஏப்ரலில் மிச்சமிருப்பவை வெளியேறத் தவித்து ஜன்னல் கண்ணாடியில் முட்டும். பாவம் பார்த்துத் திறந்துவிட்டால் நேரே உங்கள் தக்காளி, மிளகாய்ச் செடிக்குத்தான் போகும்.