‘சீ, எச்’ என்று தொடங்கும் ஆங்கிலச் சொல்லிடம் குடி கேட்பது எப்படி?

பாசிக்குடாவில் உள்ள ஒரு விடுதியின் சமையற்பகுதியில் வேலை கேட்டு நேர்முகத் தேர்வுக்குப் போய்வந்த என் பழைய மாணவர் ஒருவர், வீட்டுக்கு வந்து என்னிடம் கேட்ட கேள்வியிலிருந்தே இந்தக் கட்டுரை பிறந்தது. “சேர், நான் ‘ச்செஃப்’ எண்டு வாசிச்சன், அவங்க ‘ஷெஃப்’ எண்டு திருத்தினாங்க. சீயும் எச்சும் வந்தா ‘ச்ச’ எண்டுதானே படிச்சம்?” என்று அவர் கேட்டார். அவர் படித்தது பிழையன்று. பாதிதான் அவருக்குச் சொல்லித்தரப்பட்டிருந்தது. ‘சீ, எச்’ என்ற இரண்டு எழுத்துகளோடு தொடங்கும் ஆங்கிலச் சொற்கள் மூன்று வெவ்வேறு ஒலிகளைப் பெறுகின்றன. ‘ச்சைல்ட்’ என்பதில் ஒன்று, ‘கெமிஸ்ற்’ என்பதில் இன்னொன்று, ‘ஷெஃப்’ என்பதில் மூன்றாவது. எழுத்தை எத்தனை முறை உற்றுப் பார்த்தாலும் இவற்றுள் எது என்று தெரியவராது. அந்தச் சொல் எங்கிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது என்று கேட்டால் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் வாழும் நமக்கு இப்படிக் கேட்பது புதிதன்று. அறிமுகமில்லாத ஒருவர் வந்தால் ஊரைக் கேட்கிறோம்; சம்பந்தம் பேசும் இடத்தில் தாய்வழிக் குடியையும் கேட்கிறோம். தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் இருக்கும் இந்த வழக்கம் போலவே, ஆங்கிலச் சொல்லிடமும் குடியைக் கேட்கப் பழகுவதே இங்கே நான் சொல்லப்போகும் முறை. ‘சீ, எச்’ சொற்களுக்குப் பெரிய குடிகள் மூன்று: பழைய ஆங்கிலக் குடி, கிரேக்கக் குடி, பிரெஞ்சுக் குடி.

ஆனால் குடி கேட்பதற்கு முன்னர் காதைத் திருத்திக்கொள்ள வேண்டும். தமிழில் ‘ச’ என்ற ஓரெழுத்து சொல்லின் முதலில் மென்மையாகவும், இரட்டித்து வரும்போது வன்மையாகவும் ஒலிக்கிறது. ‘சட்டி’ என்னும்போது நம் வாயில் வருவது வேறு, ‘பச்சை’ என்னும்போது வருவது வேறு. இதனால் மாணவர்கள் ஆங்கிலச் சொல்லின் மேல் பென்சிலால் தமிழில் உச்சரிப்பை எழுதிவைக்கும்போது, இருக்கை, தாள், ஏமாற்றுதல் என்ற மூன்று பொருள்களுக்குரிய மூன்று தனித்தனிச் சொற்களும் ‘சீற்’ என்ற ஒரே வடிவத்துக்குள் அடைபட்டுவிடுகின்றன. அவற்றை முறையே ‘சீற்’, ‘ஷீற்’, ‘ச்சீற்’ என்று பிரித்து எழுதுங்கள். இந்தக் கட்டுரையில் சொல்லின் முதலில் ‘ச்ச’ என்று நான் எழுதும் இடமெல்லாம் ‘பச்சை’, ‘ரீச்சர்’ என்ற சொற்களின் நடுவே வரும் ஒலியைக் குறிக்கும். ‘ஷ’ என்பது ‘வருஷம்’ என்பதிலும் ‘ஆயிஷா’ என்ற பெயரிலும் வரும் ஒலி.

இரண்டையும் வேறுபடுத்த ஓர் எளிய சோதனை உண்டு. ‘ஷ்ஷ்ஷ்’ என்று மூச்சு முடியும்வரை நீட்டலாம். ‘ச்ச’ என்பதை அப்படி நீட்ட முடியாது, ஏனெனில் நாக்கு மேலண்ணத்தைத் தொட்டுக் காற்றை ஒரு கணம் அடைத்து, பின்னர் விடுவிக்கிறது. வாய்க்கு முன் ஒரு மெல்லிய தாளைப் பிடித்துக்கொண்டு, பொரித்த கிழங்குத் துண்டைக் குறிக்கும் ‘ச்சிப்’, கப்பலைக் குறிக்கும் ‘ஷிப்’, உறிஞ்சிக் குடித்தலைக் குறிக்கும் ‘சிப்’ என்ற மூன்றையும் சொல்லிப் பாருங்கள். முதலாவதில் தாள் சட்டென்று அசையும். அடுத்து மெல்லுதல் என்ற பொருளுடைய ‘ச்சூ’, சப்பாத்தைக் குறிக்கும் ‘ஷூ’, வழக்குத் தொடுத்தலைக் குறிக்கும் ‘சூ’ ஆகியவற்றைச் சொல்லுங்கள். காது இவற்றைப் பிரித்தறியும்வரை மேலே செல்ல வேண்டாம்.

பழைய ஆங்கிலக் குடி

இது எளிதான குடி. நீண்ட விளக்கம் தேவையில்லை. வீட்டிலும் உடலிலும் சந்தையிலும் புழங்கும் குறுஞ்சொற்கள் இதில் மிகுதி. ‘ச்சைல்ட்’ பிள்ளை, ‘ச்சின்’ நாடி, ‘ச்சீக்’ கன்னம், ‘ச்சீஸ்’ பாற்கட்டி, ‘ச்சீப்’ மலிவு, ‘ச்சோக்’ சுண்ணக்கட்டி, ‘ச்சேர்ச்’ தேவாலயம் ஆகிய எல்லாவற்றுக்கும் ‘ச்ச’ ஒலியே. இங்கே கவனிக்க வேண்டியவை உயிரொலிகள்தான். ஒரு பிள்ளை ‘ச்சைல்ட்’, பல பிள்ளைகள் ‘ச்சில்ட்றன்’. ஐகாரம் இகரமாகக் குறுகுகிறது. தெரிவுசெய்தலைக் குறிக்கும் நிகழ்காலச் சொல்லில் இரண்டு ‘ஓ’ எழுத்துகள் இருப்பதால் அது ‘ச்சூஸ்’. ஓர் ‘ஓ’ மட்டும் உள்ள இறந்தகாலச் சொல் ‘ச்சோஸ்’. க.பொ.த. சாதாரண தர மாணவர்களின் விடைத்தாள்களில் இவ்விரண்டும் மாறிக் கிடப்பதை நான் அடிக்கடி கண்டிருக்கிறேன்.

கிரேக்கக் குடி

நம் பிள்ளைகள் அதிகம் தடுமாறும் இடம் இது. ஒழுங்கு மிகுந்த இடமும் இதுவே. கிரேக்க நெடுங்கணக்கில், ஆங்கில ‘எக்ஸ்’ போலப் பெருக்கல் குறி வடிவில் ஓர் எழுத்து இருக்கிறது. மூச்சோடு கூடிய ககரம் அதன் பழைய ஒலி. உரோமர்கள் அதைத் தம் எழுத்தில் ‘சீ, எச்’ என்று எழுதினார்கள். ஆங்கிலம் அந்த எழுத்தை அப்படியே எடுத்துக்கொண்டு ‘க’ என்று ஒலித்தது. நத்தார் வாழ்த்து மடல்களில் ‘எக்ஸ்’ எழுத்தை முதலில் இட்டுச் சுருக்கி எழுதுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த ‘எக்ஸ்’ ஆங்கில எழுத்தன்று; கிறிஸ்துவின் பெயரைக் கிரேக்கத்தில் எழுதும்போது வரும் முதலெழுத்தே அது.

இந்தக் குடியைக் கண்டுபிடிக்கும் முதல் வழி, மூன்றாவது எழுத்தைப் பார்ப்பது. ‘சீ, எச்’ என்பதை அடுத்து ‘எல்’ அல்லது ‘ஆர்’ வந்தால் ஒலி எப்போதும் ‘க’தான். வெள்ளம் வடிந்தபின் கிணற்றுக்குள் இடும் குளோரின், இலைக்குப் பச்சை நிறம் தரும் குளோரோஃபில், ‘க்றிஸ்மஸ்’, ‘க்றோனிக்’ எல்லாம் இவ்விதிக்கு அடங்கும். தமிழ்மொழிப் பாடநூலில் ஒரு பதார்த்தத்தின் பெயரைக் ககரத்தில் ஏற்கனவே படித்திருந்தால், ஆங்கிலத்திலும் அதற்குக் ககரமே. குளோரின் என்று நாள்தோறும் சொல்லும் மாணவர், ஆங்கில நூலைத் திறந்தவுடன் அதையே ‘ச்சுளோரின்’ என்று வாசிக்கத் தேவையில்லை.

இரண்டாவது வழி பொருளைப் பார்ப்பது. அறிவியல், மருத்துவம், இசை, சமயம், சிந்தனை ஆகிய துறைகளில் வரும் சொல்லாயின் கிரேக்கக் குடியாக இருக்க வாய்ப்பு மிக அதிகம். ‘கெமிஸ்ற்றி’ இரசாயனவியல், ‘கோரஸ்’ சேர்ந்திசை, ‘கேயொஸ்’ பெருங்குழப்பம், ‘கஸம்’ ஆழ்ந்த பிளவு, ‘கமீலியன்’ பச்சோந்தி, ‘கரக்டர்’ குணம் அல்லது நாடகப் பாத்திரம்.

இந்தக் குடியின் முன்னொட்டுகளைக் கற்றால் உச்சரிப்போடு பொருளும் சேர்ந்து வரும். ‘குளோரோ’ என்பது பச்சை. ஆங்கிலேய இரசாயனவியலாளர் ஹம்ஃப்ரி டேவி 1810ஆம் ஆண்டில் குளோரினுக்குப் பெயரிட்டபோது அதன் மஞ்சள் கலந்த பச்சை நிறத்தைக் கருதியே பெயரிட்டார். ‘க்றோமோ’ என்பது நிறம். சாயத்தை ஏற்று நிறம் பெறுவதால் பெயர்பெற்ற ‘க்றோமோசோம்’ என்பதை நம் பாடநூல்கள் நிறமூர்த்தம் என்று மிகச் சரியாகத் தமிழாக்கியிருக்கின்றன. ‘கொல’ என்பது பித்தம். கொலஸ்திரோல் முதன்முதலில் பித்தக் கற்களில் கண்டறியப்பட்டதால் அந்தப் பெயர். ‘க்றோனோ’ என்பது காலம். கிளினிக் கொப்பியில் ‘க்றோனிக்’ என்று எழுதியிருந்தால் நோய் மிகக் கடுமையானது என்று பலர் அஞ்சுகிறார்கள். நாட்பட்டது, நெடுநாளாக இருப்பது என்பதே அதன் பொருள். கடுமையைப் பற்றி அச்சொல் எதுவும் கூறவில்லை. அதே கொப்பியில் நெஞ்சைக் குறிக்கும் ‘ச்செஸ்ற்’ என்ற சொல்லும் இருக்கலாம். அது பெட்டி என்ற பொருளும் உடைய பழைய ஆங்கிலக் குடிச் சொல், ஆகவே ‘ச்ச’.

வட்டத்தின் நாணைக் குறிக்கும் ‘கோட்’ என்ற சொல்லில் எனக்குத் தனி மகிழ்ச்சி உண்டு. கிரேக்கத்தில் அது குடலால் முறுக்கிய நரம்பைக் குறித்தது. தமிழில் நாண் என்பது வில்லில் பூட்டிய கயிறு. வளைவின் இரு முனைகளையும் இணைக்கும் நேர்கோட்டுக்கு இரு மொழியாரும் இழுத்துக் கட்டிய ஒன்றையே பெயராக வைத்திருக்கிறார்கள். கயிற்றைக் குறிக்கும் ‘கோட்’ என்ற சொல் ஒலியில் இதிலிருந்து வேறுபடாது. எழுத்தில் ‘எச்’ இராது. வீட்டுச் சிறுவேலைகளைக் குறிக்கும் ‘ச்சோ’ என்ற சொல்லும் இவற்றைப் போன்ற எழுத்துகளோடு தோன்றும், ஆனால் அது கிரேக்கக் குடியன்று. ‘கோரஸ்’ என்பதன் உறவுச் சொல்லான, தேவாலயப் பாடகர் குழுவைக் குறிக்கும் ‘க்வயர்’ என்பதை மனனஞ்செய்வதே நல்லது. பழைய ஒலியை வைத்துக்கொண்டு எழுத்தை மட்டும் பிற்காலத்தில் மாற்றிய சொல் அது.

பிரெஞ்சுக் குடி

இங்கே ஒரு நுட்பம் உண்டு. பிரெஞ்சுச் சொற்கள் இரண்டு காலங்களில் ஆங்கிலத்துக்கு வந்தன. 1066இல் நோர்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பின்னர் வந்த சொற்கள் முதல் அலை. அந்நாளில் பிரெஞ்சுக்காரர்களே ‘சீ, எச்’ என்பதை ‘ச்ச’ என்றுதான் ஒலித்தார்கள். பின்னர் அவர்கள் நாட்டில் அந்த ஒலி ‘ஷ’ என்று தேய்ந்தது. அதன்பின் வந்த சொற்கள் புதிய ஒலியோடு வந்தன. முதலில் வந்தவை ஆங்கிலத்தில் பழைய ஒலியையே காத்துக்கொண்டன.

என் மாணவரின் கேள்விக்கு விடை இதுவே. தலைவரைக் குறிக்கும் ‘ச்சீஃப்’, தலைமைச் சமையற்காரரைக் குறிக்கும் ‘ஷெஃப்’ ஆகிய இரண்டும் ஒரே சொல். தலை என்ற பொருளுடைய இலத்தீன் சொல்லிலிருந்து வந்தவை. முன்னது முதல் அலையில் வந்தது, பின்னது பல நூற்றாண்டுகள் கழித்து வந்தது. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் இருவர் இப்படி வேறு காலத்தில் வேறு பேச்சோடு வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

முதல் அலைச் சொற்கள் இன்று அன்றாடச் சொற்களாகிவிட்டதால் அவற்றை எளிதில் அறியலாம்: ‘ச்செயர்’, ‘ச்சேஞ்ச்’, ‘ச்சான்ஸ்’, ‘ச்சார்ஜ்’, ‘ச்சப்டர்’. இவற்றுக்குக் ககரத்தில் தொடங்கும் உறவுகளும் உண்டு. கல்லோயாத் திட்டத்தின் நீரைப் பெறும் வயல்காரர்கள் அறிந்த ‘கனால்’ என்ற சொல்லும், ‘ச்சனல்’ என்ற சொல்லும் ஒரே இலத்தீன் சொல்லின் இரு வடிவங்கள். மனிதர் வெட்டியது பெரும்பாலும் முன்னது, இயல்பான நீரோடும் வழியும் தொலைக்காட்சி அலைவரிசையும் பின்னது. கால்நடையைக் குறிக்கும் ‘கற்றில்’, அசையும் சொத்தைக் குறிக்கும் ‘ச்சற்றில்’ ஆகியவையும் அப்படியே. மாடும் செல்வமும் ஒரு சொல்லாயிருந்தது அவர்களிடம் மட்டுமன்று. பழந்தமிழில் ‘மாடு’ என்றாலே செல்வம் என்ற பொருளும் உண்டு. படுவான்கரையில் பட்டி வைத்திருப்பவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இரண்டாம் அலைச் சொற்களை விடுதி, உடை, வாகனம், ஆடம்பரம் என்ற களங்களில் தேடுங்கள். பாசிக்குடாவிலும் அறுகம்பேயிலும் வேலை தேடும் இளையோருக்கு இவை மிகவும் பயன்படும். மரத்தாலான விடுமுறைக் குடில் ‘ஷலே’, அதன் இறுதியில் உள்ள ‘ரீ’ எழுத்து ஒலிக்காது. நுரைக்கும் திராட்சை மது ‘ஷம்பெயின்’. சம்பளத்துக்கு அமர்த்தப்பட்ட சாரதி ‘ஷோஃபர்’. பிரெஞ்சில் அது முதலில் கொதிகலனுக்கு நெருப்பூட்டுபவரைக் குறித்தது. வாகனத்தின் அடிச்சட்டம் ‘ஷசி’. நேர்த்தியான உடையைப் பாராட்டும் ‘ஷீக்’ என்ற சொல்லைக் கோழிக்குஞ்சைக் குறிக்கும் ‘ச்சிக்’ என்பதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். பின்னதன் இறுதியில் ‘கே’ எழுத்து உண்டு. வீரப்பண்பைக் குறிக்கும் ‘ஷிவல்றி’ மட்டும் முதல் அலையில் வந்தும் பின்னர் ‘ஷ’ ஒலியை ஏற்றது.

மூன்று குடிகளுக்கும் வெளியே தூரதேசத்திலிருந்து வந்தவையும் உண்டு. ‘ச்சில்லி’, ‘ச்சொக்லற்’ இரண்டும் மெக்சிக்கோவின் பழங்குடி மொழியிலிருந்து வந்தவை. நம் ‘சுருட்டு’ என்ற சொல்லே ஆங்கிலத்தில் ‘ஷெரூற்’ ஆனது. பிரெஞ்சு வழியாகச் சென்றதால் அதற்கு ‘ஷ’. சிங்களத்தில் ‘ஹேன’ என்றும் தமிழில் ‘சேனை’ என்றும் வழங்கும் பயிர்ச்செய்கை இலங்கை ஆங்கிலத்தில் ‘ச்சேனா’. செங்கலடியின் பெயர்ப்பலகையிலும் ‘சீ, எச்’ இருக்கிறது. ஆனால் ஊரவர் வாயில் அது மென்மையான ‘செ’. ஊர்ப்பெயர்களுக்கு ஊரவரின் உச்சரிப்பே முறை.

இனி மேசையில் செய்ய வேண்டியது. கொப்பியின் ஒரு பக்கத்தை மூன்றாகப் பிரித்து, மேலே ச்ச, க, ஷ என்று எழுதுங்கள். புதிய சொல் வந்ததும் முதலில் மூன்றாவது எழுத்தைப் பாருங்கள். ‘எல்’ அல்லது ‘ஆர்’ எனில் நடுப்பத்தியில் எழுதி முடித்துவிடலாம். அல்லாவிடின் துறையைக் கேளுங்கள்: அறிவியலும் இசையும் சமயமுமாயின் ‘க’, விடுதியும் ஆடம்பரமுமாயின் ‘ஷ’, மற்றவை ‘ச்ச’. எழுதிய பின்னரே அகராதியைத் திறவுங்கள்; முதலில் ஊகித்து, பிறகு சரிபார்த்த சொல்தான் மனத்தில் தங்குகிறது. பிரித்தானிய முறையில் அச்சான அகராதிகளில் நீட்டி வளைத்த ‘எஸ்’ போன்ற குறி தனியே நின்றால் ‘ஷ’, அதற்கு முன் ‘ரீ’ எழுத்தும் சேர்ந்து நின்றால் ‘ச்ச’, ‘கே’ நின்றால் ‘க’. கைப்பேசி அகராதியாயின் ஒலிபெருக்கிப் படத்தை அழுத்திக் கேட்டு, மூன்று முறை உரக்கச் சொல்லுங்கள். ஊகம் தவறிய சொல்லைச் சிவப்பு மையால் உரிய பத்திக்கு மாற்றி, அதன் குடியையும் அருகில் குறித்துவையுங்கள்.

நாளுக்கு ஐந்து சொல் போதும். வாரம் முடியும்போது பத்திகளுக்கு ஒன்றாகச் சொல்லெடுத்து வாக்கியம் அமையுங்கள். தலைமைச் சமையற்காரர் நத்தார்ச் சேர்ந்திசைக் குழுவுக்காக மலிவான பாற்கட்டியைத் தெரிவுசெய்தார் என்ற பொருளில் என் மாணவர் அமைத்த வாக்கியம் இது. இதைத் தடுமாறாமல் ஒரே மூச்சில் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள்: ‘த ஷெஃப் ச்சோஸ் ச்சீப் ச்சீஸ் ஃபோ த க்றிஸ்மஸ் கோரஸ்.’