ஒருதிசை உறைதல்: முதல் சில மில்லிமீட்டரை நம்பாதீர்கள்

மூசையில் விரிசல், ஆர்கான் தீர்ந்துபோவது போன்றவற்றை உலையே கற்றுக்கொடுத்துவிடும். அவற்றை இங்கே எழுதப் போவதில்லை. உருகிய கலவைக் கம்பியைச் சூடான பகுதியிலிருந்து குளிர்ந்த பகுதிக்கு மெதுவாக இழுத்து ஒரே திசையில் உறையவைக்கும் பிரிட்ஜ்மன் உலையில் புதிதாகக் கைவைப்பவர்கள், நாங்கள் தொடங்கிய காலத்துப் பிழைகளையே திரும்பவும் செய்கிறார்கள். படம் அழகாக வரும், முடிவு மட்டும் தவறாக இருக்கும். அப்படிப்பட்டவை மட்டும் கீழே.

மோட்டாரின் வேகமே உறைமுகத்தின் வேகம் என்று எண்ணுவது

எனக்கு இன்றும் எரிச்சல் மூட்டுவது இதுதான்.

அலுமினியத்தில் 4 சதவீதம் செம்பு சேர்ந்த கலவை. திண்மமும் திரவமும் சந்திக்கும் உறைமுகம் எந்த வேகத்தில் சமதளமாக இருப்பதை விட்டுச் செல்களாக, அதாவது நெருங்கி நிற்கும் சிறு புடைப்புகளாக, உடைகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். அண்மையில் ஒரு மாணவர் நொடிக்கு 1 மைக்ரோமீட்டர் வேகத்தில் 60 மி.மீ. நீளத்துக்கு இழுத்தார், உலை ஏறக்குறைய 17 மணி நேரம் ஓடியது. உருகாமல் நின்ற பகுதியை ஒட்டி 5 மி.மீ. துண்டை வெட்டி, பாலிஷ் போட்டு, கெல்லர் கரைசலில் அரித்து நுண்ணோக்கியில் வைத்தார். செல்லும் இல்லை, மரம்போல் கிளைவிடும் படிகமான டென்ட்ரைட்டும் இல்லை. “இந்த வேகத்தில் சமதளம்தான் ஐயா” என்று படத்தோடு வந்து நின்றார். மீதிக் கம்பி அதற்குள் வேறொரு சோதனைக்காக உருக்கப்பட்டிருந்தது.

உலையை ஏற்றுவதற்கு முன் ஒரு தாளில் கணக்குப் போட்டிருந்தால் போதும். சமதளம் எந்த வேகம்வரை தாங்கும் என்பதற்கு டில்லர், ஜாக்சன், ரட்டர், சால்மர்ஸ் ஆகியோர் 1953-இல் ஒரு நிபந்தனை தந்தார்கள். இந்தக் கலவை உறையும் வெப்பநிலை இடைவெளி சுமார் 64 டிகிரி. திரவத்தில் செம்பின் பரவல் கெழு, அதாவது அது எவ்வளவு விரைவாகப் பரவும் என்பதன் அளவு, நொடிக்குச் சுமார் 3×10⁻⁹ சதுர மீட்டர். மில்லிமீட்டருக்கு 10 டிகிரி வெப்பநிலைச் சரிவு இருந்தால், அந்த நிபந்தனைப்படி சமதளம் தாங்கக்கூடிய வேகம் நொடிக்கு 0.5 மைக்ரோமீட்டர் அளவில் முடிந்துவிடுகிறது. மாணவர் இழுத்தது அதைப்போல் இரண்டு மடங்கு.

பிறகு ஏன் சமதளம் தெரிந்தது? முதலில் உறையும் திண்மம், திரவத்தில் உள்ள செம்பில் ஏழில் ஒரு பங்கைத்தான் ஏற்கிறது. மீதி, மடையில் ஒதுங்கும் சருகு போல, உறைமுகத்தின் முன்னே சேர்கிறது. அந்தக் குவிப்புதான் சமதளத்தை உடைக்கிறது. தொடக்கத்தில் அது இன்னும் உருவாகியிருக்காது. நொடிக்கு 1 மைக்ரோமீட்டர் வேகத்தில், சமதள முகத்துக்கு இந்தத் தொடக்கக் கட்டத்தின் அளவுகோலே 21 மி.மீ. வருகிறது. 5 மி.மீ. துண்டில் அவர் பார்த்தது, உடையப்போகும் முகத்தின் இளமைப் பருவம்.

இதோடு முடியவில்லை. செம்பு சேரச் சேர, முகத்தை ஒட்டிய திரவத்தின் உறைநிலை இறங்குகிறது. உறைமுகம் உலையின் குளிர்ந்த பக்கமாக நழுவுகிறது. சமதளமாகவே இருந்தால் அந்த நழுவல் 6 மி.மீ.-ஐத் தாண்டும். நழுவும் வரையில் அதன் உண்மையான வேகம், மோட்டார் காட்டும் வேகத்தைவிடக் குறைவு. உண்மையான சமதளம் வேண்டும் என்று 0.2 மைக்ரோமீட்டருக்கு இறங்கினால் தொடக்கக் கட்டம் 100 மி.மீ.-ஐயும் தாண்டிவிடும், 60 மி.மீ. கம்பியில் நிலைபெற்ற நிலையைத் தேடிப் பயனில்லை.

ஆகவே கம்பி முழுவதையும் பத்திரப்படுத்துங்கள். நீளவாக்கில் முழுமையாகப் பிளந்து பாருங்கள். உருகிய பகுதி தொடங்கும் கோட்டைப் பூஜ்யமாக வைத்து, ஒவ்வொரு படத்தின் கீழும் தொலைவை எழுதுங்கள்.

காலி உலையில் வெப்பநிலைச் சரிவை அளப்பது

வெப்பநிலையை அளக்கும் தெர்மோகப்பிள் கலவைக்குள் இருக்க வேண்டும்.

இழுப்பு முடிந்ததும் உலையை அணைத்துவிட்டுப் போவது

உறைமுகம் அழிந்துவிடும். உடனே குவெஞ்ச் செய்யுங்கள், அதாவது சட்டெனக் குளிரவையுங்கள்.

ஒதுக்கப்பட்ட திரவத்தின் எடையை மறப்பது

மேல்நோக்கி உறையவைக்கும்போது, அலுமினியக் கலவையில் ஒதுங்கும் செம்பு கனமானது. முகத்தின் அருகிலேயே தங்கும். ஈயம் மிகுந்த ஈய–வெள்ளீயக் கலவையில் கதை தலைகீழ். வெள்ளீயம் மிகுந்த திரவம் இலேசானது. டென்ட்ரைட்டுகளுக்கு இடையிலிருந்து கிளம்பி மேலே ஓடி, வாய்க்கால் வாய்க்காலாகத் தடம் விட்டுச் செல்லும். விமான டர்பைன் இதழ்களுக்கான நிக்கல் கலவைகளிலும் இதுவேதான்: டங்ஸ்டனும் ரீனியமும் டென்ட்ரைட்டுக்குள் போய்விட, எஞ்சும் திரவம் இலேசாகிறது. அந்தத் தடம் விழுந்த இதழ் கழிவுக்குத்தான் போகும். ஒரு கலவையில் சரியாக வந்த வேகத்தை அடுத்ததற்கு அப்படியே எடுத்துச் செல்லாதீர்கள்.

டென்ட்ரைட்டின் இரண்டாம் கிளைகளை எங்கே வேண்டுமானாலும் அளப்பது

முதன்மைத் தண்டுகளின் இடைவெளியைக் குறுக்குவெட்டில் அளக்கலாம். பக்கக் கிளைகளுக்கு நீள்வெட்டு வேண்டும். அதுவும் தண்டின் அச்சு வழியாகச் செல்லும் வெட்டு. நுனியில் நெருக்கமாக முளைக்கும் கிளைகளில் சிறியவை கரைந்துபோக, பெரியவை தடிக்கின்றன. இடைவெளி ஏறக்குறைய நேரத்தின் கனமூலத்துக்கு ஏற்பக் கூடுகிறது. ஒரே தண்டில் நுனி அருகே ஓர் எண்ணும் அடியில் அதைப்போல் பல மடங்கும் வரும். நுனியிலிருந்து எத்தனை மி.மீ. என்று குறிக்காத அளவை எங்கள் அட்டவணையில் நான் சேர்ப்பதில்லை.