கீழாநெல்லி என்று எழுதி வைத்து நான் பட்ட பாடு

போன மழைக்காலத்தில் கல்லூரிப் பிள்ளைகள் நாலைந்து பேரோடு தீர்த்தமலை அடிவாரத்தில் செடி பார்க்கப் போயிருந்தேன். ஊர்ப் பெரியவர் ஒரு பெயர் சொல்வார், ஒரு தம்பி அதைப் போனில் தேடி, கிடைத்த லத்தீன் பெயரை நோட்டில் எழுதிக்கொள்வார், உடனே அடுத்த செடி. ஒரு காலத்தில் நான் இருந்த கோலம் அப்படியே கண் முன்னால் நடந்தது. பேரினத்துக்குப் பெரிய எழுத்து, சிற்றினத்துக்குச் சின்ன எழுத்து என்பதெல்லாம் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது, அதை விட்டுவிட்டு, செடிக்குப் பெயர் எழுதும்போது நாம் வழக்கமாகச் செய்கிற தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

ஊர்ப்பெயரிலிருந்து லத்தீனுக்குத் தாவுவது

என் முதுகலை ஆய்வு கீழாநெல்லியில். பென்னாகரம், பாலக்கோடு, அரூர் என்று வரப்பு வரப்பாக அலைந்து செடி பறித்தேன். கேட்ட இடமெல்லாம் "கீழாநெல்லிதாங்க" என்றார்கள். நிழலில் உலர்த்தி, பொடித்து, டப்பாவில் போட்டு, ஒரு பழைய நூலைப் பார்த்து "ஃபில்லாந்தஸ் நிரூரி" என்று சீட்டு ஒட்டினேன். இரண்டு பருவம் இப்படியே போனது. கடைசியில் ஆய்வைப் பார்க்க வந்த பேராசிரியர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "செடி எங்கே?"

செடி இல்லை, பொடிதான் இருந்தது. பொடிக்காமல் சாக்கின் அடியில் கிடந்த குச்சிகளை அவர் மேசையில் கொட்டிப் பிரித்தபோது மூன்று குவியல் வந்தது. ஒன்றில் காய் வழவழப்பு. இன்னொன்றில் காயெல்லாம் சொரசொரவென்று மரு மருவாக, அது ஃபில்லாந்தஸ் யூரினேரியா என்ற வேறு சிற்றினம். மூன்றாவதில் இலை நுனி அகன்று அடி குறுகி, கிளை பிரியும் விதமே வேறாக இருந்தது. அது ஃபில்லாந்தஸ் மதராஸ்படென்சிஸ், நம் ஊரில் மேலாநெல்லி என்பது. எந்த டப்பாவில் எது எவ்வளவு கலந்தது என்று இன்றுவரை யாராலும் சொல்ல முடியாது. இரண்டு பருவத்து எண்களையும் தூக்கிப் போட்டேன்.

சரி, அந்த வழவழப்புக் காய்ச் செடியாவது நிரூரியா என்றால் அதுவும் இல்லை. செடிகளுக்கு இரட்டைப் பெயர் முறையைக் கொண்டுவந்த லின்னேயஸ் 1753இல் அந்தப் பெயர் வைத்த செடி அமெரிக்கக் கண்டத்தது. இங்கே பழைய நூல்கள் நிரூரி என்று எழுதியது பெரும்பாலும் அமரஸ், ஃபிராடெர்னஸ், டெபிலிஸ் என்ற வேறு மூன்று ஃபில்லாந்தஸ் செடிகளை. நம் வரப்பில் அதிகம் கிடைப்பது அமரஸ். லத்தீனில் கசப்பு என்று பொருள், மென்று பார்த்தவருக்கு விளக்க வேண்டியதில்லை. பூவின் புல்லிவட்ட இதழ்களை எண்ணினால் அமரஸுக்கு ஐந்து, மற்ற இரண்டுக்கும் ஆறு. பூ கடுகளவுதான், லென்ஸ் இல்லாமல் எண்ண முடியாது. பத்து மடங்கு பெருக்கும் லென்ஸ் ஒன்றைக் கழுத்தில் மாட்டிக்கொள்ளுங்கள்.

இதனால் ஊர்ப்பெயர் தப்பு என்று சொல்ல வரவில்லை. நெல்லிமரமும் கீழாநெல்லியும் ஒரே பேரினம் என்று தாவரவியல் எழுதி வைத்திருப்பதை நம் ஆட்கள் பெயரிலேயே சொல்லிவிட்டார்கள். ஆனால் ஊர்ப்பெயர் மருந்துக்கும் கறிக்கும் வைத்தது. மூன்றும் ஒரே வேலைக்கு ஆகும் என்றால் மூன்றுக்கும் ஒரே பெயர்தான் இருக்கும்.

அதனால் வேர், பூ, காயோடு முழுச்செடியாக எடுங்கள். காட்டுக்குள் என்றால் வனத்துறை அனுமதி வாங்கிய பிறகு. செய்தித்தாளுக்குள் வைத்து அழுத்தி, ஈரம் போகும்வரை தாளை மாற்றிக்கொண்டே இருங்கள், மழைக்காலத்தில் ஒரு நாள் விட்டாலும் பூஞ்சை பிடிக்கும். தேதி, ஊர், வரப்பா கரடா, பூவின் நிறம் எல்லாம் அங்கேயே நின்று எழுதுங்கள், காய்ந்தால் நிறம் போய்விடும். பிறகு ஒரு ஹெர்பேரியத்தில், அதாவது உலர்த்திய செடிகளைப் பெயரோடு சேர்த்து வைத்திருக்கும் இடத்தில், ஒப்பிட்டுப் பாருங்கள். மெட்ராஸ் ஹெர்பேரியம் இருப்பது கோயம்புத்தூரில், பெயரை நம்பிச் சென்னைக்குப் பஸ் ஏறாதீர்கள்.

ஒரே வேலமரத்தை இரண்டு முறை எண்ணுவது

ஒரு செடிப் பட்டியலில் அகேசியா நைலோட்டிகா, வச்செல்லியா நைலோட்டிகா இரண்டும் தனித்தனி வரிசை எண்ணோடு இருந்தன. இரண்டும் நம் கருவேலம்தான். அகேசியா என்ற பேரினத்தைப் பல பேரினங்களாக உடைக்க வேண்டி வந்தபோது அந்தப் பெயர் ஆஸ்திரேலியக் கூட்டத்துக்கே இருக்கட்டும் என்று 2005இல் வியன்னாவில் நடந்த உலகத் தாவரவியல் மாநாட்டில் முடிவாகி, 2011இல் மெல்போர்னில் உறுதியானது. அதனால் நம் ஊர்க் கருவேலமும் வெள்வேலமும் வச்செல்லியா ஆகிவிட்டன. பழைய நூல், புது நூல் இரண்டையும் வைத்துப் பட்டியல் போடுகிறவர்கள் லண்டனில் உள்ள கியூ தாவரவியல் தோட்டத்தின் இணையதளத்தில் ஒவ்வொரு பெயரையும் ஒருமுறை தட்டிப் பாருங்கள், எந்தப் பெயர் எதற்குள் அடக்கம் என்று அதில் இருக்கும். அப்புறம், சீமைக் கருவேலம் இந்தக் கூட்டத்திலேயே கிடையாது.

இண்டிகா என்றால் இந்தியா என்று நினைப்பது

மாஞ்சிஃபெரா இண்டிகா என்ற மாமரத்துக்குச் சரி. புளியமரமும் டமரிண்டஸ் இண்டிகாதான், ஆனால் அதன் பூர்வீகம் ஆப்பிரிக்கா. பொருள் பொருந்தவில்லை என்பதற்காகப் பெயரை மாற்ற விதி இடம் தராது.

முள் இருந்தால் கள்ளி என்று நினைப்பது

சதுரக்கள்ளியில் பால் வரும், ஆமணக்கின் சொந்தக்காரன். சப்பாத்திக்கள்ளியில் வராது, அது கற்றாழையும் இல்லை, கள்ளியும் இல்லை, அமெரிக்காவிலிருந்து வந்த காக்டஸ் குடும்பம்.

போன் செயலி

படம் எடுத்தால் செடியின் பெயர் சொல்லும் செயலி துப்பு கொடுக்கும், தீர்ப்பு சொல்லாது.

தெரியாவிட்டால்

"ஃபில்லாந்தஸ், சிற்றினம் தெரியவில்லை" என்று எழுதிவிட்டு அடுத்த செடிக்குப் போங்கள்.