பெரிய காலிப்பர் வாங்கும் முன்: மாடல் 3 பெர்ஃபார்மன்ஸ் பிரேக்கில் நேரும் தவறுகள்

கலிஃபோர்னியாவின் லகுனா சேகா ஓடுதளத்தில் சொந்தக் காரை ஓட்ட அனுமதிக்கும் நாள்களில், டெஸ்லா மாடல் 3 பெர்ஃபார்மன்ஸ் என்ற மின்காரை வைத்திருக்கும் புதியவர்கள் இருவர் மூவராவது, பிரேக் பெடல் தரையைத் தொடுகிறது என்று முகம் வெளுத்துத் திரும்புவதை இந்த ஆண்டும் பார்த்தேன். அவர்களில் ஒருவர் முந்தைய வாரம்தான் முன்சக்கரங்களுக்கு ஆறு பிஸ்டன் காலிப்பர் பொருத்தியிருந்தார். சக்கரத்தோடு சுழலும் டிஸ்க் என்ற வட்டத்தகட்டை, பேட் என்ற உராய்வுக் கட்டைகளால் கவ்விப் பிடிப்பது காலிப்பர்; பிரேக் திரவத்தின் அழுத்தத்தால் பேடைத் தள்ளுபவை அதன் பிஸ்டன்கள். 2019இல் நானும் பெரிய காலிப்பர்தான் வாங்கினேன். போல்ட்டை டார்க் ரெஞ்சால் முடுக்க வேண்டும், ஜாக்கை மட்டும் நம்பிக் காருக்கடியில் போகக் கூடாது என்பவை எவரும் அறிந்தவை. ஆகவே அவற்றை இங்கே எழுதவில்லை.

எது தோற்றது என்று அறியாமல் பெரியதை வாங்குவது

என் முதல் ஓடுதள நாளில் ஐந்தாம் சுற்றிலேயே பெடல் பஞ்சுபோல் ஆயிற்று. தொழிற்சாலையிலிருந்து வந்த 355 மில்லிமீட்டர் முன் டிஸ்க்கும் நான்கு பிஸ்டன் காலிப்பரும் இந்தக் காருக்குப் போதாது என்று அன்றே முடிவு கட்டி, சில ஆயிரம் டாலர் கொடுத்துப் பெரிய டிஸ்க், பெரிய காலிப்பர் அடங்கிய தொகுப்பை வாங்கினேன். பொருத்திக் கொடுத்த பட்டறையில் முன்சக்கரங்களின் பிரேக் குழாய்களில் மட்டும் காற்றை வெளியேற்றி, டாட் 4 என்ற தரத்தைச் சேர்ந்த சாதாரணப் பிரேக் திரவத்தை ஊற்றி அனுப்பினார்கள். பின்சக்கரக் குழாய்களில் பழைய திரவமே இருந்தது. நானும் கேட்கவில்லை. அடுத்த ஓடுதள நாளில், நான்காம் சுற்றில், முதல் வளைவின் மேட்டைத் தாண்டி இரண்டாம் வளைவுக்காகப் பெடலை மிதித்தபோது அது எதிர்ப்பே இல்லாமல் உள்ளே போயிற்று. கார் சரளைக் கற்களில் போய் நின்றதால் உயிருக்கும் உடலுக்கும் தீங்கில்லை.

அந்த இடத்தில் நடப்பதைக் கணக்கிட்டுப் பார்த்திருந்தால் பணம் மிஞ்சியிருக்கும். ஓட்டுநரோடு ஏறக்குறைய 1,900 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 190 கிலோமீட்டரிலிருந்து 70க்கு இறங்கும்போது, சுமார் 23 லட்சம் ஜூல் ஆற்றல் நான்கு விநாடிக்குள் வெளியேறியாக வேண்டும். 1,400 கிலோ எடையுள்ள பெட்ரோல் காருக்கு அது 17 லட்சம் ஜூல்தான். மோட்டாரே மின்னாக்கியாக மாறி வேகத்தைக் குறைக்கும் ரீஜென் இதில் சிறு பங்கையே ஏற்கிறது; மீதி டிஸ்க்கிலும் பேடிலும் வெப்பமாகி, பிஸ்டன் வழியே திரவத்துக்கு வருகிறது. வழக்கில் பிரேக் ஆயில் என்றாலும் அது எண்ணெய் அன்று. காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் கிளைக்கால் வகைத் திரவம். டாட் 4 தரத்துக்குப் புதிய நிலையில் 230 பாகை செல்சியஸ் கொதிநிலை இருந்தால் போதும். ஈரம் ஏறிய நிலையில் அத்தரம் கேட்பது 155 பாகைதான். கொதித்த திரவத்தில் தோன்றும் ஆவிக் குமிழி நசுங்கும், திரவம் நசுங்காது. பெடல் உள்ளே போவதற்குக் காரணம் அதுவே. பேட் தேயாததால் மின்கார்களில் பிரேக்கை ஆண்டுக்கணக்கில் யாரும் திறப்பதில்லை என்பதும், அதற்குள் திரவம் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கிறது என்பதும் இதோடு சேர்கின்றன.

ஆகவே முதலில் கால் சொல்வதைக் கவனிக்க வேண்டும். பெடல் உள்ளே போனால் திரவம் கொதித்திருக்கிறது. பெடல் கல்லாக நிற்க, கார் மட்டும் நிற்க மறுத்தால், பேடின் வெப்ப எல்லை கடந்துவிட்டது. முதலாவதற்கு, 300 பாகைக்கு மேல் கொதிக்கும் பந்தயத் திரவத்தை நான்கு சக்கரங்களுக்கும் ஏற்றி, அதை அடிக்கடி மாற்றிவந்தால் போதும். இரண்டாவதற்கு நல்ல பேட் வேண்டும். இவ்விரண்டையும் செய்த பிறகும் டிஸ்க்கில் ஆழமான வெடிப்புகள் விரைவில் தோன்றினால்தான் பெரிய டிஸ்க்கைப் பற்றிப் பேசலாம். நான் இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்தேன் என்பது இன்றும் எனக்கு எரிச்சலூட்டுகிறது. திரவத்தை மாற்றுவது நூறு டாலருக்குள் முடியும் வேலை.

பெரிய பிரேக் குறைந்த தூரத்தில் நிறுத்தும் என்று நம்புவது

2018 மே மாதத்தில் அமெரிக்காவின் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் சோதனையில், மணிக்கு 60 மைல் வேகத்திலிருந்து மாடல் 3 நிற்க 152 அடி எடுத்தது. டெஸ்லா நிறுவனம் இணையவழியே மென்பொருளைப் புதுப்பித்த பின் அது 133 அடியாகக் குறைந்தது. ஒரு போல்ட்டும் மாறவில்லை. தொழிற்சாலை பிரேக்கே டயரின் பிடிப்பை மிஞ்சும் வலிமை உடையது என்பதால், நிற்கும் தூரத்தைத் தீர்மானிப்பவை டயரும், சக்கரம் சுழலாமல் பூட்டிக்கொள்வதைத் தடுக்கும் ஏபிஎஸ் அமைப்பும்தான். பெரிய டிஸ்க் தருவது வெப்பம் தாங்கும் திறன் மட்டுமே.

முன்புறத்தை மட்டும் பெரிதாக்குவது

முன்சக்கரங்களுக்கும் பின்சக்கரங்களுக்கும் இடையே பிரேக் விசை பகிரப்படும் விகிதம் குலைகிறது. ஏபிஎஸ் பழைய விகிதத்துக்கு அமைக்கப்பட்டது.

முழு சார்ஜுடன் வந்து முதல் சுற்றிலேயே விரட்டுவது

பேட்டரி நிறைந்திருந்தால் ரீஜென் தரும் மின்சாரம் திரும்பிச் செல்ல இடமில்லை. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தவுடன் வழக்கமாகக் கிடைக்கும் வேகக் குறைப்பு கிடைக்காது. சாலையில் ஓட்டிப் பழகிய கால் அதை எதிர்பார்த்து, பெடலைத் தாமதமாக மிதிக்கிறது. முதல் இரண்டு சுற்றுகளை அடக்கமாக ஓட்டுங்கள்.

ஓடுதளப் பேடோடு சாலையில் செல்வது

பந்தயப் பேட் சூடேறினால்தான் கவ்வும். பெட்ரோல் காரிலாவது சாலையில் அது ஓரளவு சூடாகும். மின்காரில் அன்றாட வேகக் குறைப்பை ரீஜென்னே செய்துவிடுவதால் பேட் குளிர்ந்தே கிடக்கும். குறுக்கே குழந்தை ஓடிவரும் கணத்தில் அந்தப் பேடை நம்ப முடியாது. ஓடுதளத்துக்குச் சென்றபின் மாற்றிக்கொண்டு, திரும்பும்போது பழையதைப் பொருத்திக்கொள்ளும் சிரமத்தை ஏற்றுக்கொள்ளுங்கள்.

புதிய பேடைப் பழக்காமல் விடுவது

பேடின் பொருள் டிஸ்க்கில் மெல்லிய, சீரான படலமாகப் படிய வேண்டும். அதற்கு வெப்பம் வேண்டும். ரீஜென் அந்த வெப்பத்தைத் தடுக்கிறது. காரின் ஓடுதள அமைப்பான டிராக் மோடில் ரீஜென் அளவைக் குறைத்துவிட்டு, வெறிச்சோடிய இடத்தில், பேட் தயாரிப்பாளர் சொல்லும் வரிசைப்படி, முழுவதும் நிறுத்தாமல் வேகத்தைத் திரும்பத் திரும்பக் குறைத்து, பிறகு ஆறும்வரை ஓட்டிக்கொண்டே இருங்கள். சூடான டிஸ்க்கோடு காரை நிறுத்தினால் பேட் அழுந்திய இடத்தில் பொருள் திட்டாகப் படிந்து, பின்னர் பெடலில் அதிர்வு வரும்.

பின் காலிப்பரை முன் காலிப்பர்போல் நடத்துவது

அதில் பார்க்கிங் பிரேக்குக்கான மின்மோட்டார் இருக்கிறது. காரைப் பராமரிப்பு நிலைக்கு மாற்றி மோட்டாரைப் பின்வாங்கச் செய்யாமல் பிஸ்டனை அழுத்தினால் காலிப்பர் பாழாகும்.

டாட் 5

இது சிலிக்கோன் வகைத் திரவம். ஊற்றாதீர்கள். டாட் 5.1 வேறு, அது கிளைக்கால் வகை.

சக்கரம்

காலிப்பருக்கும் சக்கரத்தின் ஆரக்கால்களுக்கும் இடைவெளி உண்டா என்பதை, பணம் கட்டும் முன், தயாரிப்பாளரின் அளவுப்படத்தை அட்டையில் வெட்டி வைத்துப் பாருங்கள்.