ஆலோசனை கேட்கும் முன் வீட்டை அளந்துகொள்ளுங்கள்

பெங்களூரில் மார்ச் பிறந்துவிட்டால், இன்வெர்ட்டர் எது வாங்கலாம், தண்ணீர் சுத்திகரிப்பான் எது நல்லது, பழைய லேப்டாப்பை மாற்றிவிடலாமா என்ற பேச்சு தமிழ்க் குடும்பங்களில் தொடங்கிவிடும். கேட்டவுடன் நான்கு பேர் நான்கு பெயர்களைச் சொல்வார்கள். அவர்கள் நல்லெண்ணத்தோடு சொல்வது அவரவர் வீட்டுக்குப் பொருந்தியது. நம் வீட்டைப் பற்றி அவர்களுக்கு ஒன்றும் தெரியாது, தெரியும்படி நாமும் கேட்பதில்லை. எனவே யாரிடம் கேட்பது என்பதைவிட, எதை அளந்துகொண்டு போய்க் கேட்பது என்பதில்தான் முதல் வேலை இருக்கிறது.

மின்சாரத்திலிருந்து தொடங்குங்கள். மின்தடையின்போது நிற்கக் கூடாதவை எவை என்று ஒரு தாளில் எழுதுங்கள். சாதாரண மின்விசிறி ஏறத்தாழ 75 வாட் இழுக்கும், எல்.இ.டி. பல்பு 9 வாட். வைஃபை ரூட்டர் சுமார் 10 வாட். நான்கு விசிறி, ஐந்து பல்பு, ஒரு ரூட்டர் என்றால் மொத்தம் 355 வாட். 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரியில் பெயரளவில் 1,800 வாட்-மணி இருக்கிறது. ஆனால் வீட்டு லெட்-ஆசிட் பேட்டரிகளில் அந்த 150 என்பது பெரும்பாலும் 20 மணி நேரத்தில் மெதுவாகத் தீர்க்கும்போது கிடைக்கும் அளவு. வேகமாக இழுத்தால் அது குறையும், இன்வெர்ட்டரிலும் கொஞ்சம் வீணாகும். முக்கால் பங்கு கைக்கு வரும் என்று வைத்துக்கொண்டால், நான்கு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக ஓடும்.

இந்தத் தாளோடு போய்க் கேட்டால் பதிலே வேறாகிவிடும். அல்சூரில் எங்களுக்கு நெடுநாளாக வயரிங் வேலை செய்துவரும் பெரியவரிடம், இன்னும் பெரிய பேட்டரி வேண்டும் என்றுதான் நான் போய் நின்றேன். அவர் தாளைப் பார்த்துவிட்டு, "விசிறியை மாத்துங்க தம்பி, பேட்டரி அப்படியே இருக்கட்டும்" என்றார். பிரஷ் இல்லாத மோட்டார் கொண்ட பி.எல்.டி.சி. விசிறி ஏறத்தாழ 30 வாட்டில் ஓடுவதால், அதே நான்கு விசிறிகளுக்கு மொத்தச் சுமை 175 வாட்டாகக் குறைந்து, அதே பேட்டரி ஏழரை மணி நேரத்துக்கு மேல் தாங்கும். நாளுக்கு 12 மணி நேரம் ஓடும் ஒரு விசிறியில் மாதம் சுமார் 16 யூனிட் மிச்சமாவது தனி. பெரிய பேட்டரி எது என்று மட்டும் கேட்டிருந்தால், பெரிய பேட்டரி ஒன்றின் பெயர்தான் எனக்குக் கிடைத்திருக்கும்.

கீசர், ஏ.சி., இண்டக்‌ஷன் அடுப்பு போன்றவற்றைக் கூட்டுவதாக இருந்தால், பெஸ்காம் மின்கட்டண ரசீதில் அச்சிட்டிருக்கும் அனுமதிக்கப்பட்ட மின்சுமை எத்தனை கிலோவாட் என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். எர்த்திங் சரியாக இருக்கிறதா, மின்கசிவு ஏற்பட்டதும் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. பொருத்தியிருக்கிறார்களா என்பதையும் எலக்ட்ரீஷியனிடம் கேட்டுவிடுங்கள். மின்கசிவிலிருந்து உயிரைக் காப்பது அதுதான், மின்சுமை மிகும்போது அணையும் எம்.சி.பி. அந்த வேலையைச் செய்யாது. பழைய கட்டடங்களில் குடியிருப்பவர்கள் வேறு எதை வாங்குவதற்கு முன்பும் இதைச் செய்துவிட வேண்டும் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

தண்ணீர் இந்த ஊரில் தெருவுக்குத் தெரு வேறுபடும். காவிரித் தண்ணீர் ஒரு தன்மை, போர்வெல் இன்னொரு தன்மை. டேங்கரில் வருவது எந்தக் கிணற்றுத் தண்ணீர் என்பது நமக்குத் தெரியாது. பல குடியிருப்புகளில் மூன்றும் ஒரே சம்ப்பில் கலக்கின்றன. எனவே தண்ணீரில் கரைந்திருக்கும் திடப்பொருளின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டர் ஒன்றை வாங்கியோ இரவல் பெற்றோ, சமையலறைக் குழாயில் காலை, மாலை என ஒரு வாரம் அளந்து எழுதுங்கள். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம், கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்கிறது. உங்கள் அளவு எப்போதும் அதற்கு வெகுவாகக் கீழே இருந்தால், குடிக்கக் கிடைப்பதைவிட அதிகத் தண்ணீரைக் கழிவாக வெளியேற்றக்கூடிய ஆர்.ஓ. சுத்திகரிப்பான் எதற்கு என்று விற்பவரிடம் நேராகக் கேளுங்கள், வடிகட்டியும் கிருமியைக் கொல்லும் யு.வி. விளக்கும் போதுமானதாக இருக்கலாம். அந்த மீட்டர் கிருமியையோ நைட்ரேட்டையோ தனித்துக் காட்டாது என்பதால், போர்வெல் தண்ணீரை ஆய்வகத்தில் ஒருமுறை சோதித்துவிடுவது நல்லது. கடின நீர் வரும் வீடுகளில் கீசருக்குள் சுண்ணாம்பு படியும். புதியது வாங்குமுன், உள்ளே துருவைத் தடுக்க வைத்திருக்கும் மெக்னீசியத் தண்டை மாற்றிச் சுத்தம் செய்தால் போதுமா என்று கேட்டுப் பாருங்கள்.

வைஃபை எட்டவில்லை என்பவர்கள், ரூட்டரை டி.வி. அலமாரிக்குப் பின்னாலிருந்து எடுத்து வீட்டின் நடுவில் இரண்டு நாள் வைத்துப் பார்த்த பிறகு ஆலோசனை கேட்கலாம். ரூட்டர் அனுப்பும் இரண்டு வகை அலைகளில், 5 கிகாஹெர்ட்ஸ் அலை கான்கிரீட் சுவரைத் தாண்டுவதில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையைவிடப் பலவீனமானது.

லேப்டாப் விஷயத்தில் அதன் வயதைச் சொல்வதைவிட, உள்ளே இருப்பது ஹார்டு டிஸ்கா, அதைவிட வேகமான எஸ்.எஸ்.டி.யா, ரேம் எவ்வளவு, டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு உண்டா என்பவற்றைச் சொன்னால்தான் பயன். விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டன. விண்டோஸ் 11க்கு டி.பி.எம். 2.0 தேவை. அது இருந்து, செயலியும் விண்டோஸ் 11 ஏற்கும் பட்டியலில் இருந்தால், பெங்களூரின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான எஸ்.பி. ரோட்டில் ஒரு எஸ்.எஸ்.டி. மாற்றிக்கொண்டாலே கணினி இன்னும் சில ஆண்டுகள் உழைக்கும். பழுதுக்குக் கொடுக்கும்போது படங்களையும் ஆவணங்களையும் வேறிடத்தில் சேமித்துவிட்டுக் கொடுங்கள்; கைபேசியானால் வங்கிச் செயலிகளிலிருந்து வெளியேறிவிட்டுக் கொடுங்கள்.

இனி, யாரிடம் எதைக் கேட்பது. விற்பவரிடம் விலை, உத்தரவாதம், சர்வீஸ் ஆள் எத்தனை நாளில் வருவார் என்று கேளுங்கள். பழுது பார்ப்பவரிடம், எந்தப் பொருள் தன்னிடம் அடிக்கடி வருகிறது, எதற்கு உதிரிப் பாகம் கிடைப்பதில்லை என்று கேளுங்கள். என் அனுபவத்தில் எல்லாரையும்விட மதிப்புள்ள பதில் அவரிடமிருந்துதான் வருகிறது. உறவினரிடமோ அண்டை வீட்டாரிடமோ, வாங்கி இரண்டு ஆண்டுகள் ஆனபின் எப்படி இருக்கிறது என்று மட்டும் கேளுங்கள். கேள்வி இப்படி அமையட்டும்: "அண்ணா, இரண்டு படுக்கையறை வீடு, மின்தடையில் 355 வாட் ஓட வேண்டும், வாரத்தில் இரண்டு முறை மூன்று மணி நேரம் கரண்ட் போகிறது, இப்போதுள்ள பேட்டரிக்கு நான்கு வயது. நீங்களாக இருந்தால் முதலில் எதை மாற்றுவீர்கள்?"