துலாம்பென் கரையில் கடல்நத்தை தேடுவதும் படமெடுப்பதும்

பாலித் தீவின் வடகிழக்கிலுள்ள துலாம்பெனுக்கு எல்லாரும் லிபர்ட்டி கப்பலைப் பார்க்கத்தான் வருகிறார்கள். 1942-இல் ஜப்பானிய நீர்மூழ்கியின் டார்பிடோ பட்டுக் கரையேற்றப்பட்ட கப்பல் அது. 1963-இல் அகுங் எரிமலை வெடித்தபோது கடலுக்குள் சரிந்தது. அது இருக்கட்டும். ஓடில்லாக் கடல்நத்தைகளைப் பார்க்க அதைச் சுற்றியுள்ள கறுப்பு மணல் சரிவும் பாறைகளுமே போதும். 5 முதல் 12 மீட்டர் ஆழம் தாராளம். ஆழம் குறைந்தால் சிலிண்டர் காற்றும் கூடுதல் நேரம் வரும். இந்த வேலைக்கு அதுதான் முக்கியம்.

கரை முழுக்க உருளைக் கற்கள். கெட்டியான அடிப்பாகமுள்ள பூட்ஸ் அவசியம். சிலிண்டரை உள்ளூர்ப் பெண்கள் தலையில் சுமந்து கரைக்கே கொண்டுவந்துவிடுவார்கள்.

படி 1: முதல் டைவில் கேமரா வேண்டாம்

மணலுக்கு ஒரு சாண் மேலே, கையால் துழாவாமல், அசையாமல் மிதக்க வருகிறதா பாருங்கள். மூச்சை இழுத்தால் லேசாக மேலேற வேண்டும், விட்டால் இறங்க வேண்டும். இது கைவராமல் கேமராவைத் தூக்கினால் பவளம் உடையும். ஃபின் பட்டுக் கிளம்பும் தூசி வேறு படம் முழுக்க வெள்ளைப் புள்ளியாக விழும்.

படி 2: முதலில் அதன் சாப்பாட்டைத் தேடுங்கள்

புதிதாக வருபவர்கள் வேகமாக நீந்தி வண்ணத்தைத் தேடுவார்கள், ஒன்றும் சிக்காது. குரோமோடோரிஸ் வகைகள் கடற்பஞ்சைத் தின்பவை. நெம்புரோத்தா வகைகளுக்குப் பாறையில் ஒட்டி வாழும் சின்னப் பை போன்ற அசிடியன் உயிரிகள் வேண்டும். முதுகு நிறைய விரல் விரலாக நீட்டிக்கொண்டிருப்பவற்றில் பல, செடி போலத் தெரியும் ஹைட்ராய்டு என்ற உயிரிகளில் இருக்கும். ஹைட்ராய்டு தோலில் பட்டால் எரியும், ஜாக்கிரதை. ஒரு பாறையைப் பிடித்தால் பத்து நிமிடம் அதிலேயே இருங்கள். பாறையில் ரிப்பன் சுருளாக ஒட்டியிருப்பது தெரிந்தால் அது பெரும்பாலும் முட்டை; அம்மா பக்கத்திலேயே இருக்கலாம்.

மணலில் வளரும் அவ்ரைன்வில்லியா பாசியின் இலைகளையும் விடாதீர்கள். ‘ஷான் ஆடு’ என்று டைவர்கள் செல்லமாகக் கூப்பிடும் கோஸ்டசியெல்லா என்ற கடல்நத்தை அங்கேதான் இருக்கும், பல நேரம் அரிசியளவில். தின்ற பாசியின் பசுங்கணிகங்களைச் செரிக்காமல் தன் உடம்பிலேயே வைத்துக்கொள்ளும் பிராணி! இலையைத் திருப்பாமல், டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள்.

படி 3: படம்

தொடங்குவதற்கு ஒலிம்பஸ் டிஜி-6 அல்லது ஓஎம் சிஸ்டம் டிஜி-7 போன்ற சின்ன கேமராவே போதும் என்பது என் கருத்து. மைக்ரோஸ்கோப் மோடில் லென்ஸிலிருந்து 1 சென்டிமீட்டர் தூரம் வரை ஃபோகஸ் ஆகும். கேமரா 15 மீட்டர் வரை தாங்கும் என்றாலும் ஹவுசிங் (தண்ணீர் புகாத உறை) போட்டுக்கொள்ளுங்கள். ரொம்ப நெருங்கினால் ஹவுசிங்கின் நிழல் நத்தை மேலேயே விழும். டார்ச்சைப் பக்கத்திலிருந்து அடித்தால் சரியாகிவிடும். தண்ணீர் சிவப்பைத்தான் முதலில் விழுங்கும் என்பதால் 5 மீட்டரிலும் வெளிச்சம் கொடுத்தே எடுங்கள். வெள்ளை உடம்புள்ளவை வெளுத்துப்போகும், எக்ஸ்போஷரை -0.7 வரை குறையுங்கள்.

மேலிருந்து எடுத்தால் தட்டையாகத்தான் வரும். அதன் மட்டத்துக்கே இறங்கி, தலையிலுள்ள இரண்டு கொம்புகளில் ஃபோகஸ் வையுங்கள். அது போகும் திசையில் முன்கூட்டியே காத்திருங்கள், தானாக வரும். குச்சியால் நகர்த்துவது, கையால் எடுத்து வேறு இடத்தில் வைப்பது எல்லாம் கூடவே கூடாது. படமெடுக்கும் மும்முரத்தில் காற்றளவு மறந்துபோகும். இரண்டு மூன்று படத்துக்கு ஒரு முறை கேஜைப் பாருங்கள்.

படி 4: பெயர் கண்டுபிடிக்க

அழகான படம் எடுத்த பிறகு, நேர் மேலிருந்து ஒன்று, செவுள் தெரிய ஒன்று, எதன்மேல் இருந்தது என்பது தெரிய ஒன்று எடுங்கள். அப்புறம் உயிரினங்களை அடையாளம் காண உதவும் ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் ஏற்றினால் தெரிந்தவர்கள் உதவுவார்கள். குரோமோடோரிஸ் அன்னேயும் குரோமோடோரிஸ் எலிசபெத்தினாவும் நீலத்தில் கறுப்புக் கோடுகளோடு ஒன்றுபோலவே தோன்றும். அன்னேயின் நீலத்தில் மட்டும் பொடிப்பொடியாகக் கறுப்புப் புள்ளிகள் இருக்கும். அது மேலிருந்து எடுத்த படத்தில்தான் தெளிவாகத் தெரியும்.